விடியப்புறம் தட்டின குழாய்

லண்டன்
12.1.1974

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கடை முழங்கால் நோ குறைஞ்சுதோ?

இந்த வீட்டிலை சுடுதண்ணி ஓடுற இரும்புக் குழாயாலைதான் அறை சூடாகும். போன கிழமை விடியப்புறம் அது சூடேறத் தொடங்க, ஆரோ கதவிலை தட்டினது மாதிரிக் கேட்டுது. இவர் இரவு வேலையிலை. மூன்றாந்தரம் தட்டுமட்டும் திறக்கப்படாதெண்டு நீங்கள் சொல்லுறதை மறந்து, ஓடிப்போய்த் திறந்தன். ஒருதரும் இல்லை. பிறகும் தட்டிச்சுது. பயத்திலை ஹீற்றரை நிப்பாட்டினன். மூன்று நாள் குளிரிலை பிள்ளை தாரணிக்குச் சளி பிடிச்சிட்டுது, இப்ப பரவாயில்லை.

கீழ்வீட்டு மிஸிஸ் ஹோல் வந்து பார்த்துச் சிரிச்சா.

"சூடேறினால் இரும்பு நீளும், நெட்டி முறிக்கும். நீ பேய் எண்டோ நினைச்சாய்?"

ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பௌதிகம் படிச்ச எனக்கு அது தெரியாதோ, அம்மா? கடலுக்குப் போனவையின்ரை செய்தி எங்கடை ஊரிலை விடியப்புறந்தானே வந்து கதவைத் தட்டும். ஐயா தோணியிலை போய் இரண்டு மாதம். அவர் திரும்பினதாக உங்கடை கடைசிக் கடிதத்திலை ஒரு சொல்லும் இல்லை.

பிள்ளைக்குக் கொஞ்சம் ஓமம் அனுப்புங்கோ. ஐயா கரைக்கு வந்த அண்டைக்கே, அவரின்ரை கையாலை ஒரு வரி எழுதுவிச்சுப் போடுங்கோ.

பிள்ளை எழும்பிட்டாள், நிப்பாட்டுறன்.

உங்கள் மகள்
பத்மாசினி