தறி ஒன்று, நெசவாளர் ஒருவர்

நவம்பர் 11, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மாடியில் போட்ட துணி மூன்றாவது நாளாக ஈரம். செவிலிமேட்டில் வீடு கட்டினால் பாலாற்றுக் காற்று வரும் என்றார்கள். கொசுதான் வருகிறது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் ஆய்வேடு சென்னையில், பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும். இது மூன்றாவது நீட்டிப்பு. நான்காவது கிடையாது. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருடம் போச்சு. முனைவர் பட்டம் இல்லாத கௌரவ விரிவுரையாளர்களை அடுத்த பருவத்துக்குக் கூப்பிட மாட்டோம் என்று கல்லூரியிலும் சுற்றறிக்கை வந்தாயிற்று. கௌரவம் பெயரில் மட்டும்.

மீதி இருப்பது:
ஐந்தாம் இயல் (முழுதும்)
முடிவுரை
துணைநூற்பட்டியல், பாதி
எழுத்துத் திருட்டுச் சோதனை
நெறியாளர் சாரிடம் கையெழுத்து
துணி காயவைப்பது

ஐந்தாம் இயல்தான் உயிர். பட்டு நெசவுக் குடும்பங்களில் யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. பெரிய காஞ்சிபுரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி நிரப்பிய படிவங்கள், இரண்டு அட்டைப்பெட்டி. அவ்வளவையும் அட்டவணையாக்கி, விளக்கம் எழுதி, அதுவும் ஆங்கிலத்தில். நாலு நாளில். மூன்று வருடமாகச் செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று எழுதப் போனால் அதுவே ஓர் இயல்.

வீட்டுக்காரர் சேகர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது: "இன்னுமா முடியல? எங்க கம்பெனில ஒரு நாளைக்கு எத்தினி கார் வெளிய வருது தெரியுமா?"

தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

எழுதியது: ஒன்றரைப் பக்கம். அதில் அரைப் பக்கம் தலைப்பு.

நவம்பர் 12, செவ்வாய்

தூறல் விடவில்லை. கல்லூரிக்குக் காய்ச்சல் என்று விடுப்பு. சொல்லி வைத்ததும் நிஜமாகவே தும்மல்.

சேகர் உப்புமா கிண்டினார். அவருடைய அம்மா, தங்கை, எதிர் வீட்டுக்காரர், மூன்று பேருக்கும் போனில் செய்தி போயிற்று. "அவ படிக்கிறா, நான்தான் சமையல்." கல்யாணமான நாளாக நான் சமைத்ததற்கு ஒரு போனும் போனதில்லை.

முதல் நான்கு இயல்களைத் திருட்டுச் சோதனைக்கு அனுப்பினேன். வேறு யார் எழுத்தாவது இருக்கிறதா என்று கணினி தேடிச் சொல்லும். மதியம் பதில். அனுமதித்த அளவைப்போல் இரண்டு மடங்கு பிறர் எழுத்தாம். நான் யாருடையதையும் எடுக்கவில்லையே. எங்கிருந்து என்று பார்த்தால், சிவப்புக் கோடு விழுந்த மூன்றாம் இயல் முழுக்க ஒரே ஒரு கட்டுரைக்குப் போகிறது. எழுதியவர் என் நெறியாளர். சாரேதான்.

இரண்டு வருடம் முன்பு, மூன்றாம் இயலை அனுப்பு, திருத்தித் தருகிறேன் என்று வாங்கினார். திருத்தம் வரவே இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டேன். இப்போது தெரிகிறது எங்கே போயிற்று என்று. ஒரு கமாகூட மாற்றவில்லை மனுஷன். ஒரு தெருவின் பெயரை நான் தப்பாக எழுதியிருந்தேன், அந்தத் தப்பும் அப்படியே அச்சாகியிருக்கிறது. கடைசியில் ஓர் அடிக்குறிப்பு: தரவு சேகரிப்பில் உதவிய மாணவிக்கு நன்றி. பெயர் இல்லை. மாணவி.

உதவினேனாம்! சித்திரை வெயிலில் தெருத்தெருவாக அலைந்து, நாயிடம் கடி வாங்கி, ஊசி போட்டுக்கொண்டது யார்? சாருக்குத் தறியில் எது முன் எது பின் என்று தெரியுமா? அழுதேன். கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதேன். பிறகு ஆறிப்போன உப்புமா.

போன் போட்டேன்.

"அட, அதுவாம்மா! கைடும் ஸ்டூடண்டும் வேற வேறயா? கூட்டு ஆய்வுதானே."

"என் பேரு இல்லியே சார்."

"நன்றியில போட்டிருக்கேனே, பாக்கலியா? அந்தக் கட்டுரை உன் ஆய்வோட பகுதின்னு நான் ஒரு லெட்டர் தர்றேன். சோதனையில கழிச்சிடுவாங்க. வெள்ளிக்கிழமை காலைல வந்துடு, சர்ட்டிபிகேட்லயும் கையெழுத்து போட்டுடறேன். மனசப் போட்டு குழப்பிக்காதே."

"சரிங்க சார்" என்றேன். "ரொம்ப நன்றி சார்" என்றும் சொன்னேன். இந்த வாயை என்ன செய்தால் தகும்.

நவம்பர் 13, புதன்

மழை இல்லை. செவிலிமேட்டில் ஒன்பதிலிருந்து ஐந்து வரை மின்தடை, பராமரிப்பாம். லேப்டாப், இரண்டு அட்டைப்பெட்டி, சார்ஜர் எல்லாவற்றோடும் அம்மா வீட்டுக்கு. ஆட்டோக்காரர்: "இன்னாக்கா, வீடு காலி பண்றியா?"

முன் அறையில் நான், உள் அறையில் தறி. அப்பா தறிக் குழியில் கால்விட்டு நெய்கிறார். அவருக்கு வலப்பக்கம் அம்மா. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு இழையிலும் இரண்டையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். உடலுக்கான நாடாவை, ஊடு இழையைச் சுமந்து ஓடும் கட்டையை, அப்பா தள்ள, கரைக்கான நாடாவை அம்மா பக்கத்திலிருந்து தள்ளுகிறாள். கோர்வைச் சேலை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், அதனாலோ என்னவோ எழுத்து மளமளவென்று ஓடியது. மதியத்துக்குள் பன்னிரண்டு பக்கம்! எத்தனை தறியோ அத்தனை நெசவாளர். ஒரு நெசவாளர் மாதத்துக்கு எத்தனை சேலை நெய்கிறார் என்ற கணக்கு. அந்தக் கணக்கின்மேல்தான் ஆய்வேடே நிற்கிறது. சாரின் கட்டுரையும்.

அம்மா கீரைக் கூட்டு. இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

மூன்று மணி இருக்கும், தறிச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, தைலம் தேய்த்துக்கொள்ளப் பின்கட்டுக்குப் போயிருக்கிறாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்பா நிறுத்திட்டே?"

"உங்கம்மா வரட்டும்."

"அதுவரைக்கும் நீ நெய்யேன்."

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோர்வைய ஒத்த ஆளு எப்பிடிமா நெய்யறது? அவ இல்லாம தறி ஓடாது. இந்த வீட்லதானே பொறந்தே நீ?"

திரும்பி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். பிறகு பெட்டியைக் கவிழ்த்து எங்கள் வீட்டுப் படிவத்தைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து, பச்சை மையில். தறி: 1. நெசவாளர்: 1. மனைவி: இல்லத்தரசி.

அடுத்த வீடு. அதற்கடுத்தது. எல்லாம் அப்படியே. வாசலில் நின்று "இங்க நெய்யறது யாரு?" என்று கேட்பேன். "நான்தாம்மா" என்பார் ஆண். கையில் நாடாவோடு பக்கத்தில் இருக்கும் மனைவியும் "அவருதான்" என்பாள். எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். வெளியூர்க்காரி யாராவது வந்திருந்தால் முதல் வீட்டிலேயே, அப்போ இந்தம்மா என்ன செய்கிறார் என்று கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாத நாளில் எல்லாம் அந்த இடத்தில் உட்கார்ந்தவள் நான். நானும் என்னை நெய்கிறவள் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு படிவத்தின் ஓரத்தில் குறிப்பு இருக்கிறது: தறிப் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து போய் மோர் கொடுத்தார். மோரைக் கவனித்து எழுதியிருக்கிறேன்.

ஆக, ஒருவர் வேலை என்று நான் போட்ட கணக்கெல்லாம் இரண்டு பேர் வேலை. ஐந்தாம் இயல் பொய். மூன்றாம் இயல் பொய். சாரின் கட்டுரை பொய். கடைசியது மட்டும் ஒரு நிமிடம் இனித்தது.

நவம்பர் 14, வியாழன்

மறுபடி தூறல். தொண்டைக் கரகரப்பு. காய்ச்சல் என்று சொன்ன வாய்க்கு வர வேண்டியது வந்தது.

வழிகள்:
ஒன்று. உண்மையை எழுதுவது. படிவங்களில் பெண்களைப் பற்றி ஒன்றுமே இல்லை, அதனால் எல்லா வீட்டுக்கும் மறுபடி போக வேண்டும். மூன்று மாதமாவது ஆகும். பட்டமும் போகும், வேலையும் போகும்.
இரண்டு. தெரியவில்லை.

இரண்டாவது வழியைச் சார் சொன்னார், போனில் நான் விஷயத்தைச் சொன்னதும்.

"இன்னைக்கு என்ன கிழமை மாலா?"

"வியாழன் சார்."

"தெரியுது இல்ல? வரையறைன்னு ஒண்ணு இருக்கே, எதுக்கு? குழியில உக்காந்து நெய்யறவர்தான் நெசவாளர், பக்கத்துல இருக்கறவங்க உதவியாளர்னு முதல் இயல்ல ஒரு வரி போட்டுடு. முடிஞ்சுது."

"அது தப்பு சார். அவங்க இல்லாம சேலையே இல்ல."

"எந்த எக்ஸாமினரும்மா தறிய பாத்திருக்கான்? இப்ப போயி கணக்க மாத்தினா என் கட்டுரை என்ன ஆவும்? அப்புறம் நான் எந்த லெட்டர்ல கையெழுத்து போடறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிக்காமல் மிரட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். சும்மா. பேசியிருக்க மாட்டேன்.

ஒரு வரிதானே. பத்து நிமிடம் ஆயிற்று. தெருத்தெருவாக எல்லாப் பெண்களும் அதில் காணாமல் போனார்கள், அம்மா உள்பட. என்னை உதவிய மாணவி என்று எழுதியதற்கு அழுதது செவ்வாய்க்கிழமை. இன்று வியாழன்.

மீதி இயலும் முடிவுரையும் பட்டியலும் மதியத்துக்குள் எப்படியோ முடிந்தன. நன்றியுரையும் எழுதியாக வேண்டும். முதலில் சார், ஆறு வரி. கடைசியில் அம்மா. "உதவிய" தவிர வேறு சொல் தேடினேன். அகப்படவில்லை. நேரமும் இல்லை.

மாலை நான்கு மணிக்குப் பேருந்து நிலையத்துப் பக்கம் பைண்டிங் கடை. கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து, ஐந்து படி. கடை பாய் அட்டை வாசகத்தைக் காட்டி, "கைடு பேர ரெண்டு தபா பாத்துக்கோமா. உங்க பேரு தப்பா இருந்தாகூட வாங்கிக்குவாங்க, அவரு பேரு தப்பானா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். இத்தனை வருடத்தில் கிடைத்த ஒரே நேர்மையான வழிகாட்டுதல்.

நவம்பர் 15, வெள்ளி

ஆறு மணி பஸ். சாருக்குக் கோயில் இட்லி பொட்டலம், போன தடவையே கேட்டிருந்தார். வாங்கும்போது கை கூசியது. ஆனாலும் சூடு ஆறாமல் துணியில் சுற்றினேன்.

சார் பார்த்தது ஒரே பக்கம். நன்றியுரை. "நல்லா வந்திருக்கு" என்றார். லெட்டர், சர்ட்டிபிகேட், இரண்டு கையெழுத்தும் இரண்டு நிமிடத்தில்.

முழுக்க என் உழைப்பு என்று உறுதிமொழிப் படிவம். அதில் என் கையெழுத்து.

மூன்று நாற்பதுக்கு முத்திரை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலகப் பெண்மணி, "வைவா தேதி சொல்லுவாங்க. அடுத்த ஆளு வாங்க."

சந்தோஷம் வரும் என்று படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பசிதான் வந்தது. சேகர் போனில் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

நவம்பர் 16, சனி

நல்ல மழை. மீதமிருந்த ஒரு படியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்கு. புத்தகம் நனையவில்லை, நான் தொப்பல். அம்மாவின் நைட்டியை மாட்டிக்கொண்டு தலையில் துண்டு. அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினாள். மணிக்கட்டில் இன்னும் வீக்கம். ஆங்கிலம் தெரியாது, எண் தெரியும்.

"நம்ம வூடு எங்க இருக்குது?"

பின்னிணைப்பில் எங்கள் வரிசையைக் காட்டினேன்.

"இந்த ஒண்ணு இன்னா?"

"தறி."

"இந்த ஒண்ணு?"

"நெய்யறவங்க."

"உங்கப்பாவா?"

"நீதாம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "பொய் சொன்னா சின்னதுலருந்தே உனக்குக் காது செவந்துடும்" என்றாள். புத்தகத்தை மூடி, ஈரம் படாமல் பிரிட்ஜ் மேல் வைத்தாள். "இப்ப இன்னா ஆயிடுச்சு? அவருதான் நெய்யறாருன்னு அன்னிக்கு நான்தானே சொன்னேன். மூஞ்சிய அப்பிடி வெச்சிக்காதே. ரேஷன்ல பாமாயில் போட்டுக்கினு இருக்காங்களாம், ஒரு நட போயிட்டு வந்துடறேன். அப்பா வந்தா காத்துக்கினு இருக்க வேணாம், நீ உக்காரு."

திட்டியிருக்கலாம். ஓர் அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தேன். மழை இருட்டு, தறிக்கு மேல் மட்டும் விளக்கு. அப்பா வந்தார், தலையைத் துவட்டினார், குழியில் இறங்கினார். அவர் கண் சேலையில். என் பக்கம் திரும்பவில்லை. அவர் நாடா வந்தது, என் நாடா போனது. கைக்கு ஒன்றும் மறக்கவில்லை.

பத்துப் பதினைந்து இழை போயிருக்கும்.

"மாலா புக்க குடுத்துட்டாளாமா?" என்றார், சேலையைப் பார்த்தபடியே.

"ம்" என்றேன்.

"ஒத்த ஆளா சாதிச்சிட்டா பாத்தியா!"

நாடாவைத் தள்ளினேன்.