மூக்கு என்னைப் பார்த்தபோது

பிப்ரவரி 2, ஞாயிறு
கப்பலை விட்டு இறங்கி ஒரு மாதம். அடுத்த கப்பல் மே மாதம்தான். சும்மா இருக்க முடியாமல் வாங்கிய ரிமோட் ஹெலிகாப்டரை இன்று முதன்முதலாகக் கிளப்பினேன். இடம், வேம்பார் சாலையில் ரெக்சனின் மாமனாருக்குச் சொந்தமான பொட்டல். சுற்றிலும் உப்பளம். ரெக்சன் கல்யாண வீடுகளில் ட்ரோன் வைத்துப் படம் எடுக்கிறவன். ஹெலிகாப்டர் அவனுக்குப் பொழுதுபோக்கு.

"ட்ரோன் மாதிரி நெனச்சிராதியண்ணே. அது கையெடுத்தா நிக்கும். இது கையெடுத்தா விழும்" என்றான்.

கவிழாமல் இருக்கக் காலடியில் குறுக்குக் குச்சிகளும் முனையில் பந்துகளும் கட்டித் தந்தான். அப்படியும் கவிழ்ந்தது. இறக்கை ஒன்று போயிற்று. வீட்டைவிடப் பெரிய இன்ஜினையெல்லாம் கழற்றி மாட்டியவன் நான். முழங்கை நீளம்கூட இல்லாத இது எனக்கு அடங்க மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 9
நின்றது. இடுப்பு உயரத்தில், வால் என் பக்கமாக, ஒரு நிமிடம் இருக்கும். காரில் இருந்த என் மனைவி ஹில்டா இறங்கி வந்து கை தட்டினாள். நான் இப்படிச் சந்தோஷப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று.

பிப்ரவரி 16
"நானும் ஒரு தடவை பிடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டாள் ஹில்டா. சிரித்துக்கொண்டே ரிமோட்டைக் கொடுத்தேன்.

முதல் பாட்டரியில் தடுமாறினாள். இரண்டாவதில் ஆணி அடித்தது போல நிறுத்திவிட்டாள்.

"மைனிக்குக் கை பதறவே இல்லண்ணே" என்றான் ரெக்சன்.

காற்று நின்றுவிட்டதல்லவா, அதனால்தான் என்றேன்.

பிப்ரவரி 17
காற்று நிற்கவில்லை. என் தொப்பி பறந்தது அப்போதுதான்.

பிப்ரவரி 23
வால் நம் பக்கம் இருக்கும் வரை இடது என்றால் இடதுதான். மூக்கை நம் பக்கம் திருப்பினால் எல்லாம் தலைகீழ். அது இடதுபுறம் விலகினால் மூளை வலதுக்குத் தள்ளு என்கிறது. தள்ளினால் இன்னும் விலகுகிறது. மூக்கு என்னைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. நேராக என் மேலேயே பாய்ந்து வந்தது. மோட்டாரை அணைத்துக் கீழே போட்டேன்.

அடுத்து அவள். மூக்கு அவளைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

எப்படி மைனி என்று ரெக்சன் கேட்டதற்கு, "எல்.கே.ஜி பிள்ளைகளுக்கு எதிர நின்னுல்லா பாட்டுச் சொல்லிக் குடுக்கேன். அதுக வலது கையத் தூக்கணும்னா நான் இடது கையத் தூக்கணும். பதினாலு வருசப் பழக்கம்" என்றாள்.

அதன் பிறகு ரெக்சன் என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் மைனி, மைனி.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "அடுத்த வாரம் நீ வர வேண்டாம். ரெண்டு பேருக்கு பாட்டரி பத்தாது." மேசையில் வரிசையாகப் பாட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள்.

மார்ச் 2
தனியாகப் போனேன். ரெக்சன் கேட்ட முதல் கேள்வி, "மைனி வரலையா?"

ஹெலிகாப்டரைக் கிளப்பினேன். எடுத்த எடுப்பிலேயே மூக்கைத் திருப்பினேன். அவளால் முடிகிறது என்றால் — அது வரப்பைத் தாண்டி உப்புப் பாத்திக்குள் விழுந்தது. உப்புத் தண்ணீர் மோட்டாரை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

காற்று தூக்கிவிட்டது என்று ஹில்டாவிடம் சொன்னேன். "காத்தா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு உப்பைக் கழுவ வாளியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மார்ச் 3
என்னையே கேட்டுக்கொள்கிறேன்: என்னலே ஆச்சு ஒனக்கு? யாரோ எவரோவா? ஒம் பொண்டாட்டிதானே?

நான் கடல்ல கெடக்கையில இந்த வீட்ட அவதான் கட்டுனா. கார் ஓட்டப் படிச்சா. ஒவ்வொரு தடவ வரும்போதும் ஃபேன் சுவிட்ச் எதுன்னு நான் அவகிட்டக் கேக்கணும். விருந்தாளி மாதிரி. எனக்குன்னு இங்கன ஒண்ணாவது இருக்கட்டும்னு பாத்தேன் — அதுலயும் அவளே முந்தி.

இத அவகிட்ட எப்படிச் சொல்ல?

மார்ச் 9
நேற்று ரெக்சன் போன் பண்ணியிருந்தான். என் ஹெலிகாப்டருக்குப் புது மோட்டார் வந்துவிட்டதாம். தன் பழைய ஹெலிகாப்டரை மைனிக்குத் தருகிறானாம், கூட்டி வரச் சொன்னான். அவளிடம் நான் மூச்சு விடவில்லை. இன்று மாதா கோயிலில் பூசை முடிந்து அவனே அவளிடம் சொல்லிவிட்டான்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

வேறு வழியில்லை. "எனக்குப் பொறுக்கல ஹில்டா" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். சோற்றைப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு ஊருலருந்தும் படம் அனுப்புதியல்லா. பாலம், மலை, பனி. நல்லாருக்குன்னு பதில் போடுதேன். அப்ப எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சிய?"

இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் அவள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

சோறு ஆறிப்போயிற்று. இருவரும் அப்படியே சாப்பிட்டோம்.

மார்ச் 16
இருவரும் போனோம். என்னுடையது இன்னும் பந்துகளோடுதான் பறக்கிறது, வால் என் பக்கமாக. ஹில்டா ரெக்சனின் பழையதை உப்பளத்து வரப்பு வரை அனுப்பி, மூக்கைத் திருப்பி, தன்னிடமே வரவழைத்துக்கொண்டிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இன்றும் பொறுக்கவில்லை.

சாலையில் பைக்கை நிறுத்தி ஒருவர் வேடிக்கை பார்த்தார். "அண்ணாச்சி, அத யாரு ஓட்டுதது?"

"என் வீட்டுக்காரி" என்றேன்.

இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை அவ்வளவு சிரமமாக இல்லை.