பேசாததைப் பேசிய மைக்

என் வீட்டுக்காரருக்கு, பாதி அன்போடும் பாதி ஆத்திரத்தோடும் எழுதிக்கொள்வது.

இங்கே நான், சின்னவள், உங்கள் தம்பி மூன்று பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? போர்வை கொடுத்தார்களா? உங்கள் இடுப்பு வலிக்குக் கொண்டுவந்த தைலத்தைச் சிறை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தைலத்தில் என்ன ஆபத்து என்று கேட்டேன். வாசனை அடுத்த அறைக்குப் போகும், அது அனுமதியில்லாத தகவல் தொடர்பு என்றார் வாசல்காரர். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னார்.

உங்கள் கடிதம் வந்தது. ஆசையாகப் பிரித்தால் பாதிக்குப் பாதி கறுப்பு மை. தண்ணீர் மோட்டார் அறைச் சாவியை எங்கே வைத்துத் தொலைத்தீர்கள் என்று கேட்டிருந்தேன் இல்லையா? நீங்களும் பொறுப்பாகப் பதில் எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. "சாவி" என்ற சொல் இருக்கிறது, அதற்கப்புறம் ஒன்றரை வரி கறுப்பு. நாங்கள் இன்னும் பக்கத்து வீட்டில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி அண்ணனுக்கும் இதே தாளில் சொல்லிவிடுகிறேன். அண்ணே, அது எங்கள் வீட்டு மோட்டார் சாவி. அதை வைத்து அரசாங்கத்தை ஒன்றும் செய்ய முடியாது, தொட்டியைத்தான் நிரப்பலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை?

ஊரில் உங்களைப் பெரிய போராளி ஆக்கிவிட்டார்கள். முடி வெட்டும் கடையிலும் உங்கள் பேச்சுதான். எனக்குத்தானே உண்மை தெரியும்! பாலம் திறப்பு விழாவில் அமைச்சர் பேசி முடித்ததும் மைக்கை அணைக்கவேண்டிய மனுஷன் டீ குடிக்கப் போய்விட்டீர்கள். அவர் சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக் தன் பாட்டுக்குத் திறந்தே கிடந்தது. இன்ஸ்பெக்டர் என்னை உட்காரவைத்து, உங்களை யார் தூண்டிவிட்டது, எந்த இயக்கம், எந்த வெளிநாடு என்று வாயைப் பிடுங்கினார். டீதான் சார் தூண்டியது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு கரையிலும் நீங்கள் கட்டியிருந்த அத்தனை குழாய் ஸ்பீக்கரிலும் ஊர் முழுக்கக் கேட்டதை நானும் கூட்டத்தில் நின்று கேட்டேன். ரிப்பனை வெட்டிய கையோடு அமைச்சர் இன்ஜினீயரைப் பார்த்து, "யோவ், முதல்ல உன் காரை விடு. நீ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தா நான் வர்றேன். இதைக் கட்டினவன் என் மச்சான், அவன் லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்றார். அதற்கு அந்த இன்ஜினீயர், "ஐயா, எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார். பிறகு இரண்டு பேரும் பழைய சாலையில் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். நீங்கள் கையில் டீ கிளாஸோடு போலீஸ் ஜீப்பில் ஏறினீர்கள். கிளாஸை டீக்கடைக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது அவர்கள் கேட்பது ஒரே ஒரு தாள். "அமைச்சர் பேசாத சொற்கள், ஒலிபெருக்கியில் ஏற்பட்ட கோளாறினால் தாமாகவே ஒலித்தன." இதன் கீழே கையெழுத்துப் போட்டால் மறுநாளே வீடு. போடாவிட்டால் பாதுகாப்புச் சட்டமாம். அதில் விசாரணை எப்போது என்று அவர்கள் சொல்லவே தேவையில்லையாம். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்களாம்? "என் மைக்ல ஒரு கோளாறும் இல்ல. பேசாததைப் பேசுற பழக்கம் அதுக்குக் கிடையாது." அடேயப்பா! உங்கள் பெண்டாட்டிக்கு மூளைக் கோளாறு என்று எழுதி நீட்டியிருந்தால் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டிருப்பீர்கள். மைக்கைச் சொன்னதும் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

மைக்குக்கு என்ன மானம் போகப்போகிறது? சாயங்காலமானால் நம் மைக் செட் கடையிலிருந்து "ஹலோ, ஹலோ" என்று நீங்கள் கத்துவது தலைவலி என்று எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். இப்போது அந்த நேரம் வந்தால் எனக்கு வீட்டுக்குள் இருக்கமுடியவில்லை, தெருவில் போய் நின்றுகொள்கிறேன். பிடிவாதம் பிடிக்காமல் போட்டுவிட்டு வாருங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் போடாத கையெழுத்தால் வெந்துகொண்டிருக்கும்
உங்கள் மனைவி

———

என் பிடிவாதக்காரருக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. நீங்கள் இரண்டு பக்கம் எழுதியதில் கறுப்பு மைக்குத் தப்பியது "முடியாது" என்ற ஒரு சொல்தான். அதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்களோ. ஆனால் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில், "சமையலறைப் பரண், பிஸ்கட் டப்பா" என்று இருந்தது. அது உங்கள் கையெழுத்து இல்லை. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், சாவி! அண்ணே, நீங்கள் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கவேண்டும். இதனால் உங்கள் வேலைக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது, இந்த நாலு வரியையும் நீங்களே கறுப்படித்துவிடுங்கள்.

இங்கே பாலத்தின் கதையைக் கேளுங்கள். ஒரு ஈ காக்கை அதில் ஏறுவதில்லை. எல்லோரும் பழையபடி படகில்தான் போய்வந்தார்கள். படகுக்காரர் இரண்டாவது படகு வாங்கிவிட்டார். மேலே இருந்து கேள்வி வந்தது போலிருக்கிறது, படகு ஓட்டத் தடை போட்டார்கள். உடனே ஊரில் யாருக்கும் அக்கரையில் வேலை இல்லாமல் போய்விட்டது. அக்கரையில் பெண் கொடுத்தவர்கள்கூட, "அவங்களே வந்து பார்த்துட்டுப் போகட்டும்" என்கிறார்கள். வரி வசூல் அலுவலகத்தை அந்தப் பக்கம் மாற்றினால் ஜனங்கள் பாலத்தில் ஏறித்தானே ஆகவேண்டும் என்று ஒரு புத்திசாலி யோசனை சொல்லி, மேசை நாற்காலியோடு மாற்றினார்கள். இப்போது யாரும் வரி கட்டுவதில்லை. பாலத்துக்குக் காவலாக இரண்டு போலீஸ்காரர்களைப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் இக்கரையில் தரைமேல் நிற்கிறார், மற்றவர் அக்கரையில் தரைமேல் நிற்கிறார்.

சின்னவள் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளை வரிசையாகப் பாலத்தில் நடத்திப் படம் எடுக்கவேண்டும் என்று உத்தரவு. "டீச்சர், நீங்க முதல்ல போங்க, நீங்க போய்ச் சேர்ந்தா நாங்க வர்றோம்" என்று உங்கள் மகள் சொன்னாளாம். வகுப்பே சிரித்ததாம், டீச்சரும் சிரித்துவிட்டு அப்புறம் அழுதாராம். அவளை நான் அடிக்கப் போனேன். உங்கள் தம்பி குறுக்கே விழுந்து தடுத்துவிட்டார்.

இனிமேல்தான் முக்கியமான சேதி. செவ்வாய்க்கிழமை காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், எங்கிருந்தோ நம் மைக்கின் குரல்! யார் பேசினாலும் அடிவயிற்றிலிருந்து பேசுவதுபோல் கேட்கும் அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? பாத்திரத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். பார்த்தால், சாட்சிப் பொருள் என்று கட்டித் தூக்கிக்கொண்டு போனார்களே நம் செட், அதையே ஸ்டேஷன் மொட்டை மாடியில் கட்டி இன்ஸ்பெக்டர் பேசுகிறார். பாலம் மிக உறுதியாக இருக்கிறது, பொதுமக்கள் அச்சமின்றிப் பயன்படுத்தவேண்டும், வதந்தியை நம்பவேண்டாம். ஒரு கரகரப்பு இல்லை, ஒரு இரைச்சல் இல்லை. உங்கள் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

பேசி முடித்தவர் அணைத்தாரா? அணைக்கவில்லை! கொஞ்ச நேரம் நாற்காலி இழுக்கிற சத்தம். அப்புறம் ஊர் முழுக்க, "ஏட்டய்யா, என் வீட்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பையனை அந்தப் பாலத்து வழியா மட்டும் அனுப்ப வேண்டாம்னு." தெருவில் நின்றவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் உள்ளே போனபிறகு அன்றுதான் முதல்முறை சிரித்தேன், அப்புறம் அதற்காக எனக்கே சங்கடமாக இருந்தது.

ஒன்று சொல்கிறேன், தலைக்கு ஏற்றிக்கொள்ளக்கூடாது. உங்கள் மைக்கில் கோளாறு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், அது போதாதா? தாளில் என்ன எழுதியிருந்தால் நமக்கென்ன. போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தண்ணீர்த் தொட்டி நிரம்பியும் மனம் நிரம்பாத
உங்கள் மனைவி

———

என்னைக் கட்டியவருக்கு,

இந்தக் கடிதத்தை அவசர அவசரமாக எழுதுகிறேன். அதிகாரி அண்ணே, முதலில் உங்களிடம் ஒரு உதவி. அடிக்கவேண்டியதை அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் கிடைத்த உடனே இதை அவர் கையில் சேர்த்துவிடுங்கள்.

காலையில் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். தனியாக, ஜீப் இல்லாமல், நடந்து. ஆளே பாதியாகிவிட்டார். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தார். அமைச்சர் பேசாததை மைக்தான் பேசியது என்று தாள் இருந்தால், அதே மைக் இவர் பேசாததையும் பேசியது என்று முடித்துவிடலாம், இல்லாவிட்டால் இவரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றப்போகிறார்களாம். "உங்க வீட்டுக்காரர் போட வேண்டாம்மா. கடை உரிமம் உங்க பேர்ல இருக்கு, நீங்க போட்டாப் போதும். சாயங்காலம் நானே அவரைக் கொண்டுவந்து வாசல்ல இறக்கி விட்டுடறேன்" என்றார். பெண்கள் பெயரில் எடுத்தால் உரிமக் கட்டணம் பாதி என்று நீங்கள்தானே என் பெயரில் எடுத்தீர்கள், அந்த வினை!

உங்களிடம் மறைப்பானேன். கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள், ராத்திரிக்கு உங்களுக்கு என்ன சமைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். பேனாவையும் மூடி கழற்றியாகிவிட்டது.

அப்புறம்தான் தாளைப் படித்தேன். உங்கள் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டபோது ஒரு வரி என்றல்லவா நினைத்திருந்தேன். என் தாளில் கீழே இன்னொரு வரி இருந்தது. "நானும் சம்பவ இடத்தில் இருந்தேன். மேற்படி சொற்கள் எதையும் என் காதால் கேட்கவில்லை." "சார், நான் கேட்டேனே" என்றேன். "கேட்டது வேறம்மா, கேட்டேன்னு எழுதறது வேற" என்றார். "இல்ல சார், என் காது சார் இது" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறக்காதே என்றால் திறக்காமல் இருந்துவிடுவேன், இத்தனை வருஷம் பல இடத்தில் இருந்திருக்கிறேன். என் காதில் விழுந்தது விழவே இல்லை என்று இன்னொருவர் எழுதி எடுத்துவந்து என்னிடமே நீட்டினால், அப்புறம் எனக்கென்று என்னதான் மிச்சம்?

அவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. "பையனை அனுப்ப வேண்டாம்னு சொன்னது நீங்கதானே சார்?" என்று கேட்டேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே பையன்மா" என்றார். "பெத்த பிள்ளைக்காக வாயில வந்த வார்த்தை சார் அது. அதையும் மைக் சொன்னதுன்னு நான் எப்படி எழுதறது?" என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "யோசிச்சு வைங்க, திரும்பி வர்றேன்" என்றார். எப்போது வந்தாலும் தண்ணீர் கொடுப்பேன் சார், கையெழுத்துக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கதவைச் சாத்தியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் வந்திருக்கவேண்டிய உங்களை நானே அல்லவா உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்! உங்களைக் கையெழுத்துப் போடு போடு என்று பிடுங்கி எடுத்த அதே வாயால் இதைச் சொல்கிறேன், திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொன்னேன். அவள் என் மடியில் வந்து படுத்துக்கொண்டாள். அவள் அப்படிப் படுத்து எத்தனையோ நாளாகிறது.

அப்போது பார்த்துத்தான் உங்கள் கடிதம் வந்தது. ஒரு சொல்கூடக் கறுப்படிக்காமல், முழுசாக. "உன் கண்ணீரை என்னால் தாங்கமுடியவில்லை. மைக்காவது மண்ணாவது. உனக்காகப் போட்டுவிடுகிறேன், சிறை அதிகாரியிடம் தாள் கேட்டிருக்கிறேன்." படித்ததும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்கிறீர்கள், அதுவும் இன்றைக்கா கேட்கவேண்டும்?

போடாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். அங்கே இடுப்பு வலியோடு தரையில் படுப்பது நீங்கள், நான் இல்லை. உங்களுக்கே முடியவில்லை, போதும் என்று தோன்றினால் போட்டுவிட்டு வாருங்கள். வாசலில் நின்று கூட்டிக்கொண்டு வருவேன், சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டமாட்டேன். ஆனால் எனக்காகப் போடாதீர்கள். எனக்காக என்றால் வேண்டாம். உங்கள் கையெழுத்தை அரசாங்கம் கேட்டது தப்பு என்றால், நான் அழுது கேட்டதும் தப்புதான்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தத் தாள் வந்திருக்கக்கூடாது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஈரத்தரையில் படுக்காதீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் அந்த வலது கையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எத்தனை நாளானாலும் இருந்து பார்த்துக்கொள்ளும்
உங்கள் மனைவி