ஊமைமலையின் தடமில்லாச் சரிவு

செவ்வாய்க் கோள், நாள் 212. காலை 6.40. அடிவாரம்.
பதிவு செய்பவர்: பிலோமினா, நிலவியலாளர். ஊமைமலை உச்சியில் இருக்கும் தகவல் கோபுரம் பழுதாகிவிட்டது என்று இசக்கிமுத்து சொல்கிறான். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு முழங்கால் வீக்கம். எனவே நான் ஏறுகிறேன். உடையில் காற்று சரி. மின்கலம் சரி. வானம் தெளிவு.

காலை 9.15. தடத்தின் முடிவு.
பாறை சரிந்து பாதையை மூடிவிட்டது. வழிகாட்டிக் கருவி ஓயாமல் "தடத்துக்குத் திரும்பவும்" என்கிறது. எந்தத் தடத்துக்கு? கூடத்துக்கே திரும்புகிறேன் என்று வானொலியில் இசக்கியிடம் சொன்னேன்.
இசக்கி: "வேண்டாம்க்கா. இடதுபக்கமா சுத்திப் போயிருங்க. இன்னைக்கே போயாகணும்."
உட்கார்ந்த இடத்திலிருந்து வழி சொல்வது எளிது.

பகல் 12.05. எங்கோ நடுவில்.
உச்சி என்று நம்பி ஏறிய மேடுகள் எல்லாம் உச்சி இல்லை. சரளை காலை நிற்கவிடுவதில்லை. ஏறியதில் பாதி சறுக்கலில் போகிறது. மூக்கு அரிக்கிறது, தலைக்கவசத்துக்குள் சொறிய வழியில்லை. வழிகாட்டியை அணைத்துவிட்டேன்.
"இசக்கி, நாளைக்கு வந்து பாக்கேன்டா. கோபுரம் எங்கயும் ஓடிராது."
"நாளைக்கு ஆகாதுக்கா. இன்னும் கொஞ்ச தூரந்தான்."
"உனக்கென்னடா தெரியும்?"
வானொலியையும் அணைத்தேன்.

பிற்பகல் 2.50. உச்சி.
கோபுரம் வேலை செய்கிறது. எல்லா விளக்கும் பச்சை. பழுது எதுவும் இல்லை, பழுதான அடையாளமும் இல்லை. வானொலியைப் போட்டு அவனைத் திட்டினேன். பதிவில் சேர்க்கத் தகுந்த வார்த்தைகள் அல்ல. முழுவதும் கேட்டுக்கொண்டான்.
"கோவிச்சுக்காதீங்கக்கா. கூடத்துல காத்தச் சுத்தம் பண்ற மெஷின் நேத்தே செத்துட்டு. கோபுரத்துக்குக் கீழ அவசர அறை இருக்குல்லா, அதுல நம்மளக் கூட்டிட்டுப் போற விண்கப்பல் வார வரைக்கும் ஒரு ஆளுக்குக் காத்து இருக்கு. உண்மையச் சொன்னா நீங்க ஏறியிருக்க மாட்டீங்க."
"உனக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?"
"பாப்போம்க்கா."

பிற்பகல் 3.40. அவசர அறை.
நான்கு காற்று உருளைகள். எந்தப் புண்ணியவான் இவற்றைச் சுவரோடு சேர்த்து முடுக்கினானோ. பாறைச் சுத்தியலால் அடித்து இரண்டைக் கழற்றினேன். மற்றவை அசையவில்லை. இந்த இரண்டும் இரண்டு பேருக்குக் கப்பல் வரும்வரை போதாது. தெரிந்துதான் எடுத்துப் போகிறேன்.
இசக்கி: "அங்கேயே இருங்கக்கா. உங்க கால்ல விழுதேன்."
"வாய மூடிக்கிட்டு காத்த மெதுவா இழு. வாரேன்."
இவ்வளவு நாள் கூட இருந்தும் என்னை இவ்வளவுதான் புரிந்துவைத்திருக்கிறான்.

மாலை. சரிவு.
இருட்டுகிறது. ஒரு உருளை கையை விட்டு உருண்டு போய்விட்டது. இன்னொன்றை முதுகில் கட்டியிருக்கிறேன். இடது கால் மடங்கிவிட்டது, உட்கார்ந்தே இறங்குகிறேன். இசக்கியின் குரல் வரவில்லை. நடுவில் பாறை மறைக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கூடத்தின் விளக்கு தெரிகிறது. பாழாய்ப்போன சரளை.
இந்தப் பதிவு கோபுரம் வழியாகக் கப்பலுக்கு வரும். கேட்பவர்களே, உச்சியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நான் சரிவில் இருப்பேன். என்னிடமும் நிற்க வேண்டாம், உருளையை மட்டும் எடுத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போங்கள். அங்கே ஒருவன் இருக்கிறான். அவனை முத—
[பதிவு இங்கே அறுந்துவிட்டது.]