தெர்பாலிக் திருகாணி

என்னங்க, இன்று காலையில் புது கேஸ் அடுப்பு பொருத்த ஒரு சீனர் வந்தார். வேலை முடிந்து கிளம்பும்போது, நான் பழக்கத்தில் திருகியை வலப்பக்கம் திருப்பப் போனேன். "ஆண்ட்டி, ஆண்ட்டி! இனி தெர்பாலிக் லா!" என்று கத்திவிட்டார். பழைய அடுப்பில் எந்தப் பக்கம் திருப்பினால் தீ குறையுமோ, அந்தப் பக்கம் திருப்பினால் இதில் கூடுமாம். ஒரு தடவை திருப்பிக் காட்டினார். குப்பென்று கேஸ் வாடை வந்தது. நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பாவம், கிழவிக்கு மயக்கம் போலிருக்கிறது என்று தண்ணீர் எடுத்துவர ஓடினார்.

மயக்கமாவது மண்ணாவது! தெர்பாலிக் என்ற அந்த வார்த்தைதான். தலைகீழ் என்று சொல்லக்கூடாதா? நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. குளுவாங்கில் அந்த வார்த்தை ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிறது. ஆனால் ஒரு திருகியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் என்னிடம் சொன்னதில்லை, உங்களைத் தவிர. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் அப்படிச் சொன்ன நாளைப் பற்றி ஊருக்கெல்லாம் ஒரு கதை சொன்னீர்கள். என் பக்கத்து நியாயத்தை, இல்லை, அநியாயத்தை, நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் காலம். நமக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட நம் வண்டிப் பட்டறை. உங்களோடு வேலை செய்த இரண்டு பேரையும் சயாம் ரயில் பாதை போட ஏற்றிப் போய்விட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மிஞ்சிய கையாள் நான்தான். சிப்பாய்கள் வந்துபோகிற இடத்தில் பெண்பிள்ளை நிற்கக்கூடாதென்று, தகரம் வெட்டும் கத்தரியால் என் முடியை நீங்களே வெட்டினீர்கள். எலி கடித்த மாதிரி இருந்தது. உங்கள் காக்கிச் சட்டை, கால்சட்டை, முகத்தில் கிரீஸ். வெளியாள் இருந்தால் நான் வாயே திறக்கக்கூடாது. அதுதான் நிபந்தனை. "நீ பேசுனா குட்டு ஒடஞ்சிரும் புள்ள," என்றீர்கள். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியாதா?

நம் பட்டறையில் இரண்டு வார்த்தைதான் முக்கியம். "கூட்டு," "கொறை." எண்ணெயைக் கூட்டு, எண்ணெயைக் குறை. பெட்ரோல் எங்கே இருந்தது? ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய்தான். அந்த நாற்றம் சொல்லி முடியாது. ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது, அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் காற்றையும் எண்ணெயையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். கார்பரேட்டர் இருக்கும் இடுக்கில் உங்கள் கை நுழையாது. நீங்கள் வேகம் கூட்டும் முறுக்கியைப் பிடித்துக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்பீர்கள். நான் கீழே உட்கார்ந்து திருகாணியைத் திருப்புவேன். "கூட்டு" என்றால் வலப்பக்கம் உள்ளே, "கொறை" என்றால் இடப்பக்கம் வெளியே. யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போகும்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் கிராணி வந்தார். தோட்டத்துக் கணக்கெழுதிக்கொண்டிருந்த அதே மனிதர், இப்போது சயாமுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் பேரும் பட்டியலில் இருந்தது. அவர் பின்னாலேயே ஒரு ஜப்பான் சார்ஜண்ட் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி வைத்த பழைய வெள்ளைக்காரன் வண்டி. கார்பரேட்டரின் அடிக்கிண்ணம் விரிசல் விட்டு, எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் மூன்று விரலைக் காட்டி, தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னான்: "லூசா, புக்குல் தீகா. மோத்தோ ஜாலான், காமு திங்கால். தா ஜாலான், சியாம்." நாளை மறுநாள் மூன்று மணிக்குள் வண்டி ஓடினால் நீ இங்கே இருக்கலாம், ஓடாவிட்டால் சயாம். மூன்று மணிக்குத்தான் ஆட்களை ஏற்றிப்போகும் ரயிலும்.

விரிசல் விட்ட கிண்ணத்தைப் பற்றவைத்துப் பார்த்தீர்கள், நிற்கவில்லை. கடைசியில் மெர்சிங் ரோட்டில் கவிழ்ந்து கிடந்த ஒரு ராணுவ வண்டியிலிருந்து வேறொரு கார்பரேட்டர் கிடைத்தது. அது வந்து சேர்ந்ததே கெடு நாளன்று காலையில்தான்.

அந்தக் காலையில் நாம் பேசிக்கொள்ளவில்லை, ஞாபகம் இருக்கிறதா? முந்தின நாள் முழுக்க நான் உங்களோடு சண்டை. யோங் பெங்கில் என் அக்கா வீடு இருக்கிறது, தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். "ஓடுனா ஒங்க அக்கா குடும்பத்தையும் சேத்துப் புடிப்பான். வண்டியை ஓட வெச்சிட்டா முடிஞ்சது. ஏன் புள்ள பயப்படுறே?" என்றீர்கள். பயப்படாமல்? உங்கள் மூளையை ஒரு இரும்புத் துண்டில் வைத்துவிட்டு நான் தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? அந்தக் கோபத்தில் காலையில் வெறும் மரவள்ளிக்கிழங்கை அவித்து, உப்புக்கூடப் போடாமல் உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள் அதையும் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டீர்கள். அதில் இன்னும் கோபம் வந்தது.

பிறகு வேலை. புதிய கார்பரேட்டரின் வாய் நம் இன்ஜின் வாயோடு பொருந்தவில்லை, போல்ட்டு ஓட்டைகள் ஒரு நூல் அளவு தள்ளியிருந்தன. அரத்தால் ராவி ராவி ஓட்டையை நீளமாக்கினீர்கள். நடுவில் வைக்க காலண்டர் அட்டையை வெட்டினீர்கள். இடுக்கில் காற்று புகாமலிருக்க சோப்பு தடவ வேண்டுமென்று கேட்டபோது, வீட்டில் இருந்த கடைசி சோப்புத் துண்டை எடுத்து, உங்கள் கையில் கொடுக்காமல் பெஞ்சின் மேல் டக்கென்று வைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் சொன்னீர்கள். திருகாணி முனையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னீர்கள். "இங்க பாரு புள்ள. பழசுல இந்த ஸ்க்ரூ காத்துக்கு. உள்ள முறுக்குனா காத்து அடையும், எண்ணெ கூடும். இதுல ஸ்க்ரூ எண்ணெக்கே இருக்கு. உள்ள முறுக்குனா எண்ணெதான் அடையும். எல்லாம் தெர்பாலிக். நான் கூட்டுன்னா நீ வெளிய எடுக்கணும். சரியா?"

நான் "ம்" என்றேன்.

அந்த "ம்" இருக்கிறதே, அதுதான் நான் சொல்ல வந்தது. காதில் விழுந்தது, மனசில் வாங்கவில்லை. உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அக்கா வீட்டுக்கு இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாமே என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டரை மணிக்கே சார்ஜண்ட் வந்துவிட்டான். கூடவே கிராணி, கையில் அட்டையும் பென்சிலும். பக்கத்துத் திடலில் போகவேண்டியவர்களை உட்கார வைத்திருந்தார்கள். பெண்கள் அழும் சத்தம் பட்டறைவரை கேட்டது. நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியோரம் தரையில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் உதைத்தீர்கள். மூன்றாவது உதையில் இன்ஜின் பிடித்தது. ஆனால் மூச்சு வாங்கியது, எண்ணெய் போதவில்லை. சார்ஜண்ட் குனிந்து கார்பரேட்டரைப் பார்த்தான். அவன் பூட்ஸ் என் முழங்காலுக்கு அரை சாண் தூரத்தில் இருந்தது.

"கூட்டு!" என்றீர்கள்.

என் கை வலப்பக்கம் போனது. உள்ளே. யோசிக்காமல், ஆறு மாதமாகப் போன வழியிலேயே போனது.

இன்ஜின் தடுமாறியது. நீங்கள் இன்னும் சத்தமாக "கூட்டு! கூட்டு!" என்றீர்கள். எதைக் கூட்ட? எந்தப் பக்கம்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் வாயைத் திறந்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் உள்ளே முறுக்கினேன். பட்டென்று கார்பரேட்டர் வாய்வழியாகத் தீ தும்மியது. சார்ஜண்டின் புருவம் பொசுங்கியது. இன்ஜின் செத்தது.

"பாகேரோ!" என்று ஜப்பான் மொழியில் திட்டினான்.

விரித்த கையால் உங்கள் இடது காதில் அறைந்தான். அந்தச் சத்தம் இன்ஜின் வெடித்ததைவிடப் பெரியதாக இருந்தது. நீங்கள் தொட்டியின் மேல் சாய்ந்து, மெதுவாக நிமிர்ந்தீர்கள். காதிலிருந்து மெல்லியதாக ரத்தம் கழுத்தில் இறங்கியது. கிராணி பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டு நின்றார். சார்ஜண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு விரலை நீட்டினான். இன்னும் ஒரு தடவை.

நீங்கள் மறுபடி உதைத்தீர்கள். இன்ஜின் பிடித்து இருமியது. நான் "கூட்டு"க்காகக் காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். முறுக்கியைப் பிடித்த உங்கள் கை அப்படியே நின்றிருந்தது, கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அறைந்த வேகத்தில் இரண்டு காதும் அடைத்துப்போயிருந்தன. காதால்தானே நீங்கள் வண்டி பார்ப்பீர்கள்? மாதாவே! எனக்குப் பேச முடியாது, உங்களுக்குக் கேட்காது. இரண்டு பேரும் சேர்ந்து அந்த வண்டியை ஓட வைக்க வேண்டும்.

அப்போதுதான் காலையில் நீங்கள் சொன்னது முழுதாக என் காதில் விழுந்தது. தெர்பாலிக்.

நான் வெளியே எடுத்தேன். கால் சுற்று. இருமல் நின்றது. இன்னும் கால் சுற்று. உலை கொதித்து அடங்குகிறதுபோல் சத்தம் ஒரே சீராக வந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தேன், கரும்புகை வந்தது. உடனே ஒரு மயிரிழை உள்ளே விட்டேன். பிறகு இடது கையால் உங்கள் குதிகாலைத் தட்டினேன். ஒரு தட்டு. நீங்கள் புரிந்துகொண்டு முறுக்கியைத் திறந்தீர்கள். இன்ஜின் ஏறியது, தடுக்கவில்லை. இரண்டு தட்டு. மூடினீர்கள். மறுபடி ஒரு தட்டு. யாருமே சொல்லித் தராத பாஷை, எப்படித்தான் உங்களுக்குப் புரிந்ததோ! நீங்கள் தலையை ஒருபக்கம் சாய்த்து, சத்தத்தைக் கவனமாகக் கேட்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தீர்கள். என்ன நடிப்பு!

சார்ஜண்ட் உங்களைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தான். திடலை ஒரு சுற்று, இரண்டு சுற்று. நான் திருகாணி திருப்பிய விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவன் கிராணியைப் பார்த்து ஏதோ சொல்ல, கிராணி பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். உங்களைப் பார்த்து, "தப்பிச்சிட்டே லா," என்று முணுமுணுத்துவிட்டு அவனோடு திடலுக்குப் போய்விட்டார்.

அவர்கள் போன பிறகு ரயில் ஊதியது. நெடுநேரம் ஊதியது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். திடலில் இருந்தவர்களில் யார் யார் திரும்பி வந்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வலது காது ஒரு வாரத்தில் திறந்தது. இடது காது கடைசிவரை திறக்கவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நீங்கள் ஒரே கதைதான் சொன்னீர்கள். "நாந்தான் வாய் தவறி மாத்திச் சொல்லிட்டேன். பாவம், அவ நான் சொன்னதைத்தானே செஞ்சா." ஞானஸ்நானம், கல்யாணம், சாவு வீடு என்று எங்கே போனாலும் இதைச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். நாற்பது வருடம் உங்களுக்கு இடப்பக்கம்தான் படுத்தேன். எத்தனையோ தடவை அந்தக் காதில், "நீங்க சரியாத்தான் சொன்னீங்க, நாந்தான் கேக்கல," என்று முணுமுணுத்திருக்கிறேன். வலப்பக்கம் வந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கடைசி வாரம், ஆஸ்பத்திரியில். மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்ஸிஜன் நிரப்பிய இரும்புத் தோம்பு. நர்ஸ் மிஸ்ஸி பக்கத்துக் கட்டில்காரரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு மூச்சு இழுத்தது. என்னைப் பார்த்து, "கூட்டு புள்ள," என்றீர்கள்.

"எதைங்க?"

"காத்தத்தான்."

திருகியில் கையை வைத்தேன். கை நகரவில்லை. எந்தப் பக்கம்? உள்ளேயா, வெளியேயா? மிஸ்ஸியைக் கூப்பிடத் திரும்பினேன். அப்போது நீங்கள் சிரித்தீர்கள். அந்த மூச்சிரைப்பிலும் சிரித்தீர்கள்.

"இது தெர்பாலிக் இல்ல புள்ள. பயப்படாதே."

எனக்கு உலகமே நின்றுவிட்டது. "ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"நீ 'ம்' சொன்னியே, அப்பவே தெரியும். கேக்கலன்னு."

மிஸ்ஸி வந்து திருப்பிவிட்டுப் போனாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவில்லை, பேச நாளும் இல்லை.

எனக்குக் கோபம்தான், இன்னமும் கோபம்தான். தெரிந்தே "கூட்டு" என்றீர்களா? இன்னொரு தடவை சொல்லியிருக்கக்கூடாதா? உப்பில்லாத கிழங்கைத் தின்றுவிட்டு, என் கோபத்தை இன்னும் கிளற வேண்டாமென்று விட்டுவிட்டீர்கள், அதுதானே? அதற்கு ஒரு காதைக் கொடுத்தீர்கள். அப்புறம் நாற்பது வருடம் பழியையும் நீங்களே வைத்துக்கொண்டீர்கள். நல்ல மனுஷர்தான் போங்கள்.

காலையில் அந்தக் கேஸ்காரர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போய்விட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். "இன்னொரு தடவை காட்டுங்க," என்றேன். எந்தப் பக்கம் கூடும், எந்தப் பக்கம் குறையும், மூன்று தடவை கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளாமல் காட்டினார். கடைசியில், "ஓக்கே, ஆண்ட்டி?" என்றார்.

நான் "ம்" என்று சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, "கேட்டுச்சு, புரிஞ்சது," என்றேன்.