கோட்டைச் சுவரில் ஒரு டப்பா

என்னங்க,

எடின்பரோ ஆபீஸ் வேலைக்கு நடுவில், தனிக் கார் வைத்து நீங்கள் ஸ்காட்லாந்து கிராமங்களைச் சுற்றிப் பார்த்த போட்டோக்கள் நேற்று பிளெய்ன்ஸ்பரோவில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கோட்டை, ஏரி, செம்மறி ஆடுகள், எல்லாம் அழகு. "நானும் அந்த வெள்ளைக்கார கைடும் மட்டுந்தான், வேற யாருமில்லம்மா" என்று போனில் சொன்னீர்கள்.

கோட்டைப் போட்டோவில், இடிந்த சுவரில் உங்கள் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டப்பா, நிறையப் புளியோதரை. ஹோட்டல் ரூமில் அடுப்பே இல்லை என்றீர்களே? கைடு கிளறினாரோ?

மகளின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். சாய்த்துவைத்த மூடியில் ஒரு பெண் பெயர் வெட்டியிருக்கிறது.

டப்பாவை அவளிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். இந்த வீட்டுப் பாத்திரங்களில் என் பெயர் மட்டும்தான் வெட்டியிருக்கிறது.

இன்றுவரை,
உங்கள் மனைவி