கரையில் பாட்டு இல்லாத அந்தி

ஐப்பசி 12, புதன்

போன வாரத் தெருக் கூட்டத்தில், எங்கள் பகுதியைப் பார்க்கும் போலீஸ் ஏட்டம்மாவிடம் நான்தான் சொன்னேன். அந்தியானால் வீட்டுக்குப் பின்னால் கரையில் நாலு பேர் குடித்துவிட்டு ஸ்பீக்கரில் பாட்டை அலற விடுகிறார்கள் என்று. அவர்கள் உடைத்துப் போட்ட பாட்டில் மகள் காலைக் கிழித்திருந்தது. "ஒங்க பேரு வெளிய வராதுக்கா" என்றார் ஏட்டம்மா.

நேற்று ராத்திரி போலீஸ் வந்து அவர்களை விரட்டிவிட்டார்கள். இன்று அந்தி முழுக்க அலைச் சத்தம் மட்டுந்தான். மழை மூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. கனவுக்குள் நிற்பதுபோல் வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரர் படகு மட்டும் வரவில்லை.

ஒரு மணி நேரம் பிந்தி, நனைந்துகொண்டு வந்தார்.

"ஏளா, இன்னைக்கு ஏன் பாட்டே இல்ல? மூட்டத்துல வெளக்கு ஒண்ணுந் தெரியாது. மோட்டார நிறுத்திட்டு அந்தச் சத்தத்த வச்சுத்தான் கரை பிடிப்பேன். இன்னைக்குப் பாறையில மோதப் பாத்தேன்."

துண்டை நீட்டினேன்.

இப்போது தூங்குகிறார். தெருவில் ஒரு சத்தம் இல்லை. நான் கேட்டு வாங்கிய அமைதி. மழை இன்னும் விடவில்லை. விடிந்தால் கடலுக்குப் போவார்.